கரண்ட் இல்லாமல் ஓடும் கடிகாரம்

ஓசூரில் மார்கழி மாதம் காலை ஐந்தரை மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர் யாராவது இருந்தால் அவருக்கு என் சாஷ்டாங்க நமஸ்காரம். ஊர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் "உங்களுக்கென்னப்பா, ஏசி போட்ட ஊரு" என்பார்கள். மறுநாள் காலையில் அவர்களே பாத்ரூம் வாசலில் துண்டோடு நின்று "சுடுதண்ணி இருக்கா?" என்று கேட்பார்கள்.

சிப்காட்டைச் சுற்றி இருக்கும் லைன் வீடுகளில் கீசர் எல்லாம் கிடையாது. மாடியில் தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து ஒரே ஒரு பைப், கீழே ஒரு பக்கெட். கீசர் மாட்டச் சுவரில் ஓட்டை போட வேண்டும், ஓட்டை போட்டால் வீட்டுக்காரர் விட மாட்டார், காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டு போகவும் முடியாது. ஆக, ராடு. ஐநூறு அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சுருட்டிப் பையில் போட்டு அடுத்த வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். பேச்சிலர்களுக்கு ரூம் விடும்போது "ராடு போடக் கூடாது" என்று ஒரு கண்டிஷன் சொல்வார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். எல்லா ரூமிலும் ராடு இருக்கும்.

போன வருடம் அந்த ராடால் எங்கள் வீடு எரியப் பார்த்தது. எரியவிடப் பார்த்தவன் நான்தான். அதைத்தான் சொல்லப் போகிறேன். கூடவே ஒரு சின்னக் கடிகாரத்தின் கதையும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்...

செமஸ்டர் பரீட்சை. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர். கல்லூரி கிருஷ்ணகிரியில், ஓசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். அம்மா ராயக்கோட்டைப் பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தார். அப்பா முதல் ஷிஃப்ட், ஐந்தேகாலுக்கே கம்பெனி பஸ் ஏறிவிட்டார். நான் ஆறு மணிக்கு எழுந்து பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ராடைத் தொங்கவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், கரண்ட் போய்விட்டது. கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்புக்கும் கீழே ஒரு பதம். சரி, கிடைத்தவரை லாபம் என்று ராடை எடுக்காமலேயே மக்கால் மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்தேன். கரண்ட்தான் இல்லையே, ஷாக் அடிக்காது என்ற மகா புத்திசாலித்தனம் வேறு. (குளித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. அது அப்புறம்தான் உறைத்தது.) பக்கெட்டில் கால்வாசித் தண்ணீர் மிச்சம். ராடு அதிலேயே. ஸ்விட்ச் ஆனிலேயே. ஸ்டாண்டர்ட் காஸ்டிங் ஃபார்முலாவை முணுமுணுத்துக்கொண்டே வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

எட்டு மணிக்கு மேல் கரண்ட் வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு வயதுக் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தவர், பிளாஸ்டிக் தீயும் நாற்றம் வருகிறதே என்று வெளியே வந்து பார்த்திருக்கிறார். எங்கள் பாத்ரூம் வென்டிலேட்டரில் கறுப்புப் புகை. வீடு பூட்டியிருக்கிறது. அவர் கத்தவில்லை, கதவை உடைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. நேராக மீட்டர் பெட்டிக்குப் போய் எங்கள் வீட்டு ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கினார். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டார். அவருக்குப் படிப்பு எட்டாவது. நான் பி.காம். மூன்றாம் வருடம்.

நான் சாயங்காலம் வந்தபோது பக்கெட் என்று ஒரு பொருள் இல்லை. தரையில் நீலநிறத்தில் ஒரு அடை. ராடின் சுருள் சாம்பல் பூத்திருந்தது. பிளாஸ்டிக் கதவின் கீழ்ப்பாதி வளைந்து, மேலே சுவர் முழுக்கக் கரி. லைனில் ஆறு வீட்டுக்கும் ஒரே ஷீட் கூரை. வீட்டுக்கார அம்மா அட்வான்ஸில் மூவாயிரம் பிடித்துக்கொண்டார், நியாயம்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்து பழைய பிளேடால் அந்த நீல அடையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "பரீட்சை எப்டி எழுதின?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

அதன் பிறகு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அது ஒன்றுதான் எனக்கு வரும். ராடு 1500 வாட். பதினைந்து லிட்டர் தண்ணீர், 20 டிகிரியிலிருந்து குளிக்கிற பதமான 45 டிகிரிக்கு வர பதினேழு பதினெட்டு நிமிடம் போதும். மறந்துவிட்டால்? அதே பக்கெட் கொதிக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. கொதித்த பிறகு ஒரு லிட்டர் ஆவியாக 25 நிமிடம். அதாவது முழு பக்கெட்டை மறந்தால் யாராவது ஞாபகம் வந்து ஓடிவர நேரம் இருக்கிறது. நான் விட்டுப்போனது நாலு லிட்டர். கால் மணி நேரத்தில் கொதித்திருக்கும். மட்டம் ஏற்கெனவே தாழ்ந்திருந்ததால் சுருளின் மேல்பகுதி முதலிலிருந்தே காற்றில்தான் இருந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் ராடு ராடு. வெளியே வந்துவிட்டால் அது பழுக்கக் காய்ச்சின கம்பி.

ஆனால் இந்தக் கணக்கில் எனக்கு வேறொன்று இடித்தது. நான் சும்மா மறக்கவில்லை. கரண்ட் போனதால் மறந்தேன். கரண்ட் இருந்து தண்ணீர் சுட்டிருந்தால் ஸ்விட்சை அணைத்து, ராடை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் குளித்திருப்பேன், தினமும் செய்வதுதானே. கரண்ட் போனதும் மனசுக்குள் "ஆஃப்" என்று பதிவாகிவிட்டது. ஸ்விட்சுக்கு அது தெரியாது. 2012-ல் சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன நாட்களைக் கண்ட தலைமுறை நாங்கள். கரண்ட் வந்தவுடன் வீட்டில் எங்கெங்கோ டிவி கத்தும், மிக்ஸி உறுமும், பாட்டி அலறுவார். அப்போது சிரிப்பாக இருந்தது. இப்போது அந்த அளவு வெட்டு இல்லை. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு உண்டு, கொஞ்சம் காற்றடித்தால் உண்டு. வருகிற நேரத்தைச் சொல்லிவிட்டு வருவதில்லை.

சரி, ஒரு டைமர் வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்தேன். ஆன்லைனில் தேடினால் ஒரு பிளக் டைமர். முன்னால் வட்டமாக ஒரு சக்கரம், 24 மணி நேரம், ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள். எத்தனை பல்லை அமுக்குகிறோமோ அத்தனை கால் மணி நேரம் ஓடும். பார்க்கக் கடிகாரம் மாதிரியே, காதில் வைத்தால் மெல்லிய கிர்ர்ர். வாங்கி மாட்டிவிட்டு அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். காலை நாலரைக்கு ஆன், நாலே முக்காலுக்கு ஆஃப். அப்பா எழுந்து வரும்போது தண்ணீர் ரெடி!

முதல் வாரமே மானம் போனது. ஒருநாள் பகலில் பராமரிப்புக்காக அஞ்சு மணி நேரம் கரண்ட் இல்லை. மறுநாள் காலையில் அப்பா எழுந்தால் தண்ணீர் ஐஸ். ஒன்பதரை மணிக்கு, வீட்டில் ஒருத்தரும் இல்லாதபோது, அம்மா பாத்திரம் தேய்த்துவிட்டுக் காலி பக்கெட்டை வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், டைமர் கடமை தவறாமல் 'க்ளிக்' என்று ஆன் ஆகியிருக்கிறது. ராடு ஆணியில் தொங்கியதாலும் பிளக்கை அப்பா கோபத்தில் பிடுங்கிப் போட்டிருந்ததாலும் பிழைத்தோம்.

பிறகுதான் புரிந்தது. அந்த டைமருக்குள் இருப்பது கடிகாரம் இல்லை, குட்டி மோட்டார். வீட்டுக் கரண்டில் ஓடுகிறது. கரண்ட் போனால் அதற்கும் நேரம் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அஞ்சு மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தை நம்பி நெருப்பை ஒப்படைத்திருக்கிறேன். (பேட்டரி வைத்த, நேரம் தவறாத வகைகளும் உண்டு. விலையும் அதற்கேற்ப.)

எங்கள் தெரு முனையில் மிக்ஸி, வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். டைமரைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்க தாத்தா தோட்டத்துல மோட்டார் இருக்கா?"

"இருக்குண்ணா. ராயக்கோட்டைல. தக்காளி போட்டிருக்காரு."

"கரண்ட் போயி வந்தா அது தானா ஓடுமா?"

ஓடாது என்றேன். பச்சை பட்டனை அமுக்க வேண்டும். "ஏன் ஓடாது?" என்றார். யோசித்ததே இல்லை. ஸ்டார்ட்டருக்குள் ஒரு காயில் இருக்கிறதாம். கரண்ட் இருக்கும்வரை அது காந்தமாகி காண்டாக்டைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் போன நொடியில் பிடியை விட்டுவிடும். திரும்ப வந்தாலும் மனிதன் கை வைக்காமல் ஒட்டாது. "தோட்டத்து மோட்டாருக்கு இருக்கிற புத்தி வீட்டு ஸ்விட்சுக்குக் கிடையாது தம்பி" என்றார். இதில் வேடிக்கை என்னவென்றால், விவசாயிகள் காசு கொடுத்து ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டி அந்தப் புத்தியைக் கழற்றிவிடுகிறார்கள். த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் யார் தோட்டத்துக்குப் போய் பட்டன் அமுக்குவது? தாத்தாவும் மாட்டியிருக்கிறார். தண்ணீர் வேண்டியவருக்குத் தானாக ஓட வேண்டும், என்னை மாதிரி ஆளுக்குத் தானாக ஓடவே கூடாது.

"உனக்கு வேண்டியது கரண்ட் இல்லாம ஓடுற கடிகாரம்" என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த ஒரு செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினிலிருந்து துணி பிழியும் பக்கத்து டைமரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "திருகு."

திருகினேன். கையை எடுத்ததும் டிக் டிக் டிக் என்று ஓட ஆரம்பித்தது. வயர் இல்லை, பேட்டரி இல்லை. எத்தனை வருடமாக அம்மா அந்தக் குமிழைத் திருகுவதைப் பார்த்திருக்கிறேன்! ஒரு தடவைகூட அது சாவி கொடுத்த கடிகாரம் என்று தோன்றியதில்லை. கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது நின்றுபோய்விட்டது, சுவர்க் கடிகாரத்துக்கும் நின்றுவிட்டது, ஆனால் துணி துவைக்கும் வீடுகளில் தினமும் யாரோ ஒரு கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மூடியைத் திறந்து காட்டினார். திருகும்போது பட்டையான ஒரு சுருள்வில் இறுகுகிறது. அது விரியப் பார்க்கும். விட்டால் ஒரே நொடியில் விரிந்துவிடும். அதைத் தடுக்க வரிசையாகப் பல்சக்கரங்கள், கடைசிச் சக்கரத்தின் மேல் இப்படியும் அப்படியும் ஆடும் ஒரு சின்ன நெம்பு. ஒரு ஆட்டத்துக்கு ஒரு பல் மட்டும் நகர விடும். அந்தச் சத்தம்தான் டிக் டிக். குமிழின் தண்டில் ஒரு வட்டத் தகடு, அதன் விளிம்பில் ஒரே ஒரு இடத்தில் பள்ளம். விளிம்பின் மேல் ஒரு கம்பி சவாரி செய்கிறது. கம்பி விளிம்பில் இருக்கும்வரை காண்டாக்ட் ஒட்டியிருக்கும். பூஜ்யத்துக்கு வரும்போது பள்ளம் கம்பிக்கு அடியில் வருகிறது, கம்பி 'டொக்' என்று விழுகிறது, காண்டாக்ட் பிரிகிறது. அவ்வளவுதான். துவைக்கும் பக்கத்து டைமரில் இதே மாதிரி இன்னும் சில தகடுகள். துணி இடமும் வலமுமாகச் சுற்றுவதற்கான தாளமும் அதே சுருள்வில்லிலிருந்துதான் வருகிறது.

எனக்குப் பிடித்தது இதுதான். ஸ்விட்ச் போடுவது என்பதே இதில் நிறுத்துவதற்குச் சாவி கொடுப்பதுதான். இரண்டும் தனித்தனி வேலை இல்லை. ஆன் செய்துவிட்டு ஆஃப் செய்ய மறக்க முடியாது, ஏனென்றால் ஆஃப் செய்வதற்கான வேலையைக் கை ஏற்கெனவே செய்துவிட்டது. நடுவில் கரண்ட் போகட்டும், வரட்டும், சுருள்வில்லுக்குக் கவலை இல்லை. இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடத்தில் கதவைச் சாத்திவிடும். பிறகு எட்டு மணிக்குக் கரண்ட் வந்து கதவைத் தட்டினாலும் திறக்காது.

"இதையே மாட்டிடலாமாண்ணா?"

முறைத்தார். 1500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். துணி பிழியும் மோட்டார் எடுப்பது அதில் சின்னப் பங்கு. அந்த மெல்லிசுக் காண்டாக்டில் ராடை ஓட்டினால் காண்டாக்டே சூடாகி ஒட்டிக்கொள்ளும், கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். "அப்புறம் டைமர் இருக்குன்னு தைரியமா வேற தூங்குவ" என்றார். கேக் சுடும் ஓடிஜி அடுப்பு இருக்கிறதே, அதிலும் இதே சாவி டைமர்தான், ஆனால் 15, 16 ஆம்பியர் தாங்கும். அந்த ஸ்பேரை வாங்கி வா, பெட்டி கட்டித் தருகிறேன் என்றார்.

ஓசூரில் நாலு கடை ஏறி இறங்கினேன். இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். கடிகாரம் செய்து பேர் வாங்கிய ஊர் இது. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன் இங்கேதான் தொழிற்சாலை போட்டது. ஊரில் பல குடும்பங்களுக்கு முதல் மாதச் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் டைட்டன் வந்ததே குவார்ட்ஸை நம்பி. நொடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு கல், ஒரு பட்டன் பேட்டரி, சாவி வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து கடிகாரம் செய்ய ஆரம்பித்த எச்எம்டி, சாவி கொடுக்கும் வாட்சுகளால் நாட்டையே பிடித்து வைத்திருந்தது. குவார்ட்ஸ் அலையில் தள்ளாடி, 2016-ல் அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. சுருள்வில் தோற்ற யுத்தத்தில் எங்கள் ஊர் ஜெயித்த பக்கம்! எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, கையில் கட்டுவதற்கு குவார்ட்ஸே போதும். ஆனால் மணி காட்டுவது ஒரு வேலை, கையை நீட்டி ஒரு ஸ்விட்சைத் தள்ளுவது வேறு வேலை. பட்டன் பேட்டரிக்கு அந்தத் தெம்பு கிடையாது. ஒரு தடவை திருகின சுருள்வில்லுக்கு உண்டு.

இது புதுசும் இல்லை. தேடிப் படித்தபோது தெரிந்தது, இங்கிலாந்தில் தெரு விளக்குகள் கேஸில் எரிந்த காலத்தில் விளக்குக் கம்பத்துக்குள்ளேயே சாவிக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். பாத் என்ற ஊரில் ஹோர்ஸ்ட்மன் என்ற கம்பெனி இதற்குப் பெயர்போனது. சாயங்காலம் கேஸைத் திறந்து, விடிந்ததும் மூடும். தினமும் ஏணியோடு தெருத்தெருவாக நடந்த ஆள், எப்போதாவது ஒருநாள் வந்து சாவி கொடுத்துவிட்டுப் போனால் போதும். கரண்டே இல்லாத விளக்குக்குக் கரண்ட் கடிகாரம் எங்கே வைப்பது? தென்கொரியாவில் இப்போதும், அடுப்பை அணைக்க மறந்துவிடும் வயதானவர்களின் வீடுகளுக்கு, நேரம் முடிந்ததும் கேஸ் வால்வை மூடிவிடும் டைமரை உள்ளூர் நிர்வாகங்களே பொருத்திக் கொடுக்கின்றன. நம் ஊர் அடுப்படிகளை நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் பஸ் ஏறி எஸ்.பி. ரோடு போனேன். அந்த ரோட்டில் கிடைக்காதது அம்மா அப்பா மட்டும்தான் என்பார்கள். பஸ்ஸில் கன்னடம் மனப்பாடம் செய்துகொண்டு போய், "ஓடிஜி டைமர் இதியா?" என்று பயந்து பயந்து கேட்டால், கடைக்காரர் "எத்தனை நிமிஷம் தம்பி? 60 இருக்கு, 120 இருக்கு" என்கிறார். அறுபது நிமிடம், 16 ஆம்பியர், முன்னூறு ரூபாய்க்குள். உள்ளங்கையில் அடங்கியது. பஸ்ஸில் திரும்பும்போது திருகித் திருகிக் கேட்டுக்கொண்டே வந்தேன். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் பையிலிருந்து 'டிங்' என்றதும் பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார் :-)

அண்ணன் ஒரு கெட்டியான பிவிசி பெட்டியில் அதை வைத்து, 16 ஆம்பியர் சாக்கெட், எர்த் வயர் எல்லாம் சேர்த்து, பாத்ரூமுக்கு வெளியே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டினார். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். ஓடிஜி டைமரைப் பூஜ்யத்திலிருந்து எதிர்ப்பக்கம் திருப்பினால் 'ஸ்டே ஆன்' என்று ஒரு இடம் உண்டு. அங்கே வைத்தால் கடிகாரம் ஓடாது, அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். அந்தப் பக்கம் போகாதபடி ஒரு குட்டி ஸ்க்ரூவை முட்டுக் கொடுத்தார். "எப்படியும் ஒருநாள் யாராவது அவசரத்துல அதுல வைப்பீங்க." இன்னொன்றும் சொன்னார். பத்து நிமிடத்துக்குக் கீழே வைக்க வேண்டுமானால் முதலில் இருபது வரை திருகிவிட்டுப் பின்னால் கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் சுருள்வில் சரியாக இறுகாது, நடுவில் நின்றுவிடலாம்.

இவ்வளவு எளிதான ஒன்றை ராடோடு சேர்த்தே ஏன் விற்பதில்லை என்று யோசித்தேன். காஸ்ட் அக்கவுண்டிங்கில் சாதாரண நட்டம், அசாதாரண நட்டம் என்று இரண்டு உண்டு. ஒரு வேலையில் தவிர்க்க முடியாமல் போகும் சேதாரம் சாதாரண நட்டம், அதை விலையில் ஏற்றிவிடலாம். எதிர்பாராத சேதாரம் அசாதாரண நட்டம், தனிக் கணக்கு எழுத வேண்டும். அன்று பரீட்சையில் அதற்குத்தான் பத்து மார்க். ராடு மறந்துபோவது இதில் எந்த வகை? மறக்கிறவன் கணக்கில் அது அசாதாரணம், ஆயுளில் ஒருமுறை. லட்சக்கணக்கில் ராடு விற்கும் சந்தையின் கணக்கில், தினமும் எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தன் மறக்கத்தான் செய்வான், அது சாதாரணம். ஆனால் அந்த நட்டம் ராடு விலையில் ஏறுவதில்லை. எங்கள் அட்வான்ஸில், வீட்டுக்காரம்மா கதவில், பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில் ஏறுகிறது. அறுநூறு ரூபாய் ராடோடு முன்னூறு ரூபாய் டைமரைச் சேர்த்தால் பக்கத்துக் கடை ராடுதான் விற்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் இதைக் கம்பெனிகளின் நல்ல மனசுக்கு விடாமல் விதியாகவே போட வேண்டும் என்று நினைக்கிறேன். எதிர்க்கருத்து உள்ள எங்கள் வகுப்பு கண்மணிகள் கேன்டீனில் சந்திக்கவும். டீ என் செலவு.

வைஃபை பிளக் போட்டால் போனிலேயே அணைக்கலாமே என்றான் ஒரு நண்பன். அணைக்கலாம், ஞாபகம் இருந்தால். கரண்ட் போய் வந்ததும் அது ஆனில் எழுந்திருக்குமா ஆஃபில் எழுந்திருக்குமா என்பது செட்டிங்கைப் பொறுத்தது. அந்த செட்டிங்கை எங்கள் வீட்டில் யார் பார்ப்பது? அப்பாவின் போனில் டார்ச் லைட் தவிர வேறெதுவும் ஓடுவதில்லை.

சாவி டைமரை முழுசாக நம்பிவிட்டேன் என்றும் இல்லை. சுருள்வில் ஒருநாள் சோர்ந்துபோகலாம், காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளலாம். 'டிங்' கேட்ட பிறகும் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ராடில் கை வைக்க வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டிருக்கிறார். (நீங்களாக வீட்டில் வயரைக் கடித்து இதைக் கட்டிப் பார்க்காதீர்கள், தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.) பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒன்று கட்டிக் கொடுத்தோம், காசு வாங்கவில்லை. அவர் வீட்டுக் குழந்தைக்கு அந்த 'டிங்' பிடித்துவிட்டது. தினமும் காலையில் சுவர் வழியாகக் கேட்கும், உடனே கைதட்டலும்.

அப்பா அந்த டைமரைப் பற்றியும் ஒன்றும் சொன்னதில்லை. ஐந்து மணிக்கு முன்னால் எழுந்து, தானே இருபதில் வைத்துத் திருகுவார். நான் போர்வைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒருநாள் அவர் திருகி இரண்டு நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது. அப்பா கிடைத்த தண்ணீரில் குளித்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். லைன் முழுக்க இருட்டு, நாய்கூடக் குரைக்கவில்லை. பாத்ரூம் பக்கம் மட்டும் டிக் டிக் டிக். எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். 'டிங்.' அதற்கும் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. பல்பு எரிந்தது, ஃபேன் சுற்றியது, எங்கோ ஒரு டிவி கத்தியது. எழுந்து போய் பக்கெட்டைப் பார்த்தேன். ராடு அதிலேயே கிடந்தது. முதல் காரியமாகச் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பக்கெட்டின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன்.

ஜில்லென்று இருந்தது. எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்தான்.